முகைதீன் பாய் எடுத்துப் போன பவளங்கள்

"இதுலயும் பூச்சி இருக்கு தம்பி. தொட்டியில போட வேண்டாம்."

ஷேக் முகைதீன் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். முன்னால் வெள்ளை டப்பில், உப்புத் தண்ணீருக்குள், அன்று காலை மும்பையிலிருந்து வந்த பச்சைப் பவளம்.

ஹரீஷின் முகம் வாடிவிட்டது. "நல்லாப் பாத்தீங்களா பாய்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"லேசுல தெரியாது. பவளத்தைத் தின்னுற தட்டைப்புழு. பவளம் எந்த நிறமோ அதே நிறத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். நான் கொண்டு போயி மருந்துத் தண்ணியில முக்கிப் பாக்கேன்."

கிளம்பும்போது எப்போதும்போல் ஹரீஷின் பெரிய தொட்டி முன் குனிந்து டார்ச் அடித்தார். சின்னக் குழாயால் எதையோ உறிஞ்சி எடுத்தார்.

"என்ன பாய்?"

"சும்மா, பாசி."

வாகட் என்ற புறநகர்ப் பகுதியில், அந்த அடுக்கு மாடிக் குடியிருப்பில் கடல் மீன் தொட்டி வைத்திருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஹரீஷ் கோயம்புத்தூர்க்காரன், ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. முகைதீனுக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம், கசார்வாடியில் இரும்புச் சாமான் கடை. தொட்டிதான் இருவரையும் பழக வைத்தது.

ஹரீஷ் வீட்டு ஹாலில் தொட்டிக்கு எதிரே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள் அவன் மனைவி ஸ்ரீவித்யா. ஆறாம் மாதம். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, மனசையும் அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெளியே நாள் முழுக்க மழை. உள்ளே தொட்டியின் நீல வெளிச்சம் கூரையில் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது.

"கடலுக்கு அடியில படுத்திருக்கற மாதிரியே இருக்கு ஹரீஷ்," என்றாள் அவள், பாதித் தூக்கத்தில். "அந்த ஊதாப் பவளம் மூச்சு விடுது பாரேன். பாப்பாவும் உள்ள இப்படித்தான் அசையுது."

அவளுக்காகத்தான் ஹரீஷ் புதுப் பவளமாகத் தேடித் தேடி வாங்கினான். மூன்றாவதையும் பாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாலை, பவளம் என்ன ஆயிற்று என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி நூர்ஜஹான். "வாங்க தம்பி. அவுக தொழுகைக்குப் போயிருக்காக. உக்காருங்க, டீ போடுதேன்."

உட்காரப் போனவன் அப்படியே நின்றான்.

அவர்கள் தொட்டியில் அவனுடைய மூன்று பவளங்களும் இருந்தன. மூன்றும் விரிந்து, விரல் விரலாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகு. அந்த அழகுதான் அவனுக்கு எரிச்சலை மூட்டியது.

நூர்ஜஹான் டீயோடு வந்தாள்.

"பூச்சி இருக்கற பவளத்தை யாராவது தன்னோட தொட்டியில போடுவாங்களா அக்கா?"

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"புடிச்சிருந்தா வாயத் திறந்து கேட்டிருக்கலாம், நானே குடுத்திருப்பேன். ஒருத்தி படுக்கையில கிடக்கறா, அவளுக்குன்னு வாங்கினதைப் பொய் சொல்லி எடுத்துட்டு வர்றதா? பாயைப் பத்தி நான் இப்படி நினைக்கவே இல்லீங்க."

நூர்ஜஹான் டீயை மேஜை மேல் வைத்தாள். "நீங்க சொல்லுறது சரிதான் தம்பி. இது ஒண்ணுலயும் பூச்சி கெடயாது."

"அப்புறம்?"

"பூச்சி உங்க தொட்டியில இருக்கு."

"என் தொட்டியிலயா? எங்கிட்ட ஏன் சொல்லலை? அன்னைக்கே அத்தனையும் வெளிய எடுத்துக் கழுவியிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லலை," என்றாள் நூர்ஜஹான். "அந்தப் புழு சாகணும்னா தொட்டியில ஒத்தப் பவளம் இல்லாம மாசக்கணக்குல வெறிச்சுன்னு போடணுமாம். 'வாரா வாரம் போயி புழுவைப் பொறுக்கி எப்படியாவது தாக்காட்டிக்கிடுதேன், புதுசு நம்ம வீட்டுல பத்திரமா வளரட்டும். பிள்ளை நல்லபடியா பொறக்குற வரைக்கும் அந்தப் பொண்ணு கண்ணு முன்னால தொட்டி நெறைஞ்சே இருக்கட்டும் நூரு'ன்னாக."