அடுப்படிச் சிக்கனம்

அடுப்படியில் அணைந்து கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேன், ஹால் ஏசியிடம் கத்தியது. "ஆளே இல்லாத ஹால்ல யாருக்குய்யா குளிரடிக்கிற?"

"விருந்தாளிங்க வர்றாங்க. வீடு ஜில்லுனு இருந்தாத்தான் வீட்டுக்காரருக்கு மரியாதை."

"இங்க அவர் பொண்டாட்டி மங்கை, மிளகா நெடியில இருமி இருமிச் சாகுறா. என்னைப் போட்டா, 'கரண்ட் என்ன சும்மாவா வருது'ன்னு வந்து அணைச்சுட்டுப் போறாரு!"

"சிக்கனத்தை எங்கயாவது ஆரம்பிக்கணும்ல?"

"அது ஏன்யா எப்பவும் அடுப்படியிலயே ஆரம்பிக்குது?"

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். "எங்க வீட்ல கரண்டை வீணாக்கவே மாட்டோம்," என்றார் வீட்டுக்காரர். மங்கை பஜ்ஜித் தட்டோடு வந்தாள்.

"ஏசி இப்படி ஓடுது, உங்களுக்கு ஏங்க இவ்வளவு வேர்க்குது?" என்று மங்கையிடம் கேட்டாள் விருந்தாளிகளில் ஒருத்தி.

மங்கை வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ உடம்பு வாகு அப்படி."