ஃபேன் கழுத்தில் ஏறிய துப்பாக்கி

கடலைக்காட்டில் குரங்குத் தொல்லை தாங்கவில்லை. பொன்னுரங்கம் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கும் தன் நாலு சக்கர வண்டியின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியைப் பொருத்தினார். அதைத் தாங்க, கல்யாண மண்டபத்தில் கழித்துப்போட்ட ஸ்டாண்ட் ஃபேனின் கழுத்தை வைத்து முடுக்கினார்.

"இனிமே நான் யாருன்னு தெரியும்!" என்றது துப்பாக்கி.

"நேரா சுடு, போதும். எனக்குக் கண்ணாடி ஒண்ணுதான் மிச்சம்," என்றது வண்டி.

குரங்குகள் வந்தன. பக்கத்தில் நின்று பொன்னுரங்கம் துப்பாக்கி விசையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பிடித்தார். முதல் குண்டு பெரிய குரங்கின் முதுகில் பட்டது. உடனே கழுத்து மெதுவாகத் திரும்பியது. அடுத்த குண்டில் வண்டியின் கண்ணாடி உடைந்தது. அதற்கடுத்தது பொன்னுரங்கத்தின் தொடையில் பட்டது. அவர் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தார். குரங்குகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

"ஏய், எங்கே திருப்புறே?" என்று கத்தியது துப்பாக்கி.

"பதினெட்டு வருஷம் பந்தியில நின்னவன் நான். ஒரே பக்கம் நின்னா மத்தவங்க சத்தம் போடுவாங்க," என்றது கழுத்து.

"என் கண்ணாடி என்னய்யா பண்ணிச்சு?" என்றது வண்டி.

"வரிசையில உட்கார்ந்தாச்சு. அப்புறம் ஆள் பார்த்தா குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன இடது பக்கத்துக்குத் திரும்பியது கழுத்து.