தேடியும் கிடைக்காத சொற்கள்

'பொம்மி' என்று யாரோ தேடியிருந்தார்கள்.

கிடைக்கவில்லை.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

காலையில் நூலகத்துக்கு வந்ததும் அவள் முதலில் திறப்பது இந்தப் பட்டியலைத்தான். பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளின் தரவுகள் எல்லாம் நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. மண் பரிசோதனை, மழை அளவு, தாலாட்டு, பேட்டிகள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் தேடுகிறவர் போடும் சொல் தொகுப்பைப் பற்றிய விவரக்குறிப்பில் இல்லையென்றால், இருந்தும் இல்லாத கதைதான்.

அப்படித் தேடி ஏமாந்தவர்களின் சொற்கள் இந்தப் பட்டியலில் வந்து விழும்.

அவளுக்கு அது பொறுக்காது. வீட்டுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்பியதுபோல் இருக்கும். அந்தச் சொல் எந்தத் தொகுப்புக்குப் பொருந்தும் என்று பார்த்து, அங்கே சேர்த்துவிடுவாள். அடுத்த முறை கிடைக்கும்.

நூலகர் இருதயராஜுக்கு இதில் பெருமை தாங்காது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவளுக்கும் உள்ளூரப் பிடிக்கும்.

போன வாரம் 'இடக்கை' என்று ஒரு சொல் வந்தது.

சட்டென்று நினைவு வந்தது. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு, எங்கோ கண்காணாத ஊரில் வாழும் பெண்களின் பேட்டித் தொகுப்பு. எட்டாவது பெண் இடக்கைக்காரி. இடக்கையால் சோறு பிசைந்து அடி வாங்கியதைச் சொல்லிச் சிரிப்பாள். பேரும் ஊரும் நீக்கி, குரல் பதிவை நூலகத்தார் மட்டும் கேட்கும்படி பூட்டி வைத்திருந்தார்கள். விவரக்குறிப்பு மட்டும்தான் எல்லோருக்கும் திறந்திருந்தது.

அதில் சேர்த்தாள். எட்டாம் பேட்டி: இடக்கைப் பழக்கம்.

மறுநாள் அதே பேட்டிக்குள் 'கடல்' என்று தேடியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பேச்சில் கடல் இல்லை. விட்டுவிட்டாள்.

அடுத்து 'ரயில்'.

இருந்தது. பேச்சின் நடுவே ரயில் கடக்கும். அந்தப் பெண் அது போய் முடியும்வரை பேசாமல் இருப்பாள். சேர்த்தாள்.

'தறி'. கூலிக்குத் தறி ஓட்டுவதாகச் சொல்லியிருந்தாள். சேர்த்தாள்.

'தெலுங்கு'. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைத் தெலுங்கில் திட்டுவது பின்னால் கேட்கும். அதைக் கண்டுபிடிக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சேர்த்தாள்.

யாரோ ஆராய்ச்சி மாணவர், கெட்டிக்காரர், என்று நினைத்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று 'பொம்மி'.

அந்தப் பெயர் தளத்தில் எங்கும் கிடையாது. எட்டாவது பெண்ணின் குரல் பதிவில் அது வந்த இடத்தை வெட்டி எடுத்தவளே அவள்தான். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

"எங்கண்ணன் மட்டும் பொம்மின்னுதான் கூப்பிடும். இப்ப அது கண்ணுல பட்டேன்னா அன்னிக்கோட என் கதை முடிஞ்சுது."

ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க. ஒவ்வொரு காலையும் அவள் பதில் எழுதியிருக்கிறாள். கடலைப் பற்றி ஒன்றும் எழுதாததும் ஒரு பதில்தான்.

நேற்று அந்த அண்ணன் எதையும் தேடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான்.

பேட்டி எடுத்த பேராசிரியை சூடாமணிக்குப் போன் செய்தாள்.

"மேடம், எட்டாம் நம்பர் பொண்ணு. உடனே அவங்ககிட்ட சொல்லுங்க. அந்த ஊர்ல இருக்க வேண்டாம்."

சூடாமணி முழுவதையும் கேட்டார்.

"எல்லாப் பேட்டியும் போன்லதாம்மா எடுத்தோம். எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. ஆய்வு முடிஞ்சதும் நம்பர அழிச்சிடணும்னு விதி. அழிச்சிட்டேன்."

தேடியவர் யார் என்பதைத் தளம் சேமிப்பதில்லை. அதுவும் ஒரு விதி.

போலீசுக்குச் சொல்லலாம். சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டார்கள்.

அவள் எட்டாம் பேட்டியைத் திறந்து, தான் சேர்த்ததை எல்லாம் அழித்தாள். இடக்கை, ரயில், தறி, தெலுங்கு. அழித்துவிட்டு அவளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் அங்கேயே இல்லாததுபோல் இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்டாள்.

விளக்கைக்கூடப் போடாமல் பட்டியலைத் திறந்தாள்.

இடக்கை. கிடைக்கவில்லை.

ரயில். கிடைக்கவில்லை.

தறி. கிடைக்கவில்லை.

தெலுங்கு. கிடைக்கவில்லை.

நேற்றுவரை கிடைத்தவைதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். அவசர அவசரமாக ஒருத்தி அழித்திருக்கிறாள் என்றால், அத்தனையும் உண்மை.

அவள் பட்டியலை நகர்த்தினாள்.

கீழே இன்னொரு சொல் இருந்தது.

நன்றி.

அதற்குப் பக்கத்தில் மென்பொருள் வழக்கம்போல் கேட்டிருந்தது, இந்தச் சொல்லை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது என்று. பொருத்தமானது எட்டாம் பேட்டி என்று அதுவே காட்டவும் செய்தது.