கடிக்க மனசு வராத துணிகள்

தையல்கடைச் சுவரடியில் ஒரு வளையில் குடியிருந்த எலியம்மாளுக்கு, ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க ஆசை வந்தது. வயிற்றில் இருக்கும் குட்டிகள் மழைக்காலத்தில் பிறந்து நடுங்கக் கூடாதே என்றுதான் ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டு கிடைத்தது. அதற்குப் பொருத்தமாக மஞ்சள் தேடினாள். இரண்டும் எடுப்பாகத் தெரிய ஒரு கருநீலம் வேண்டாமா? கருநீலத்துக்காகப் போன இடத்தில் பூப்போட்ட பருத்தி கேட்பாரற்றுக் கிடந்தது. விட்டுவிட்டு வர அவள் என்ன கல்நெஞ்சக்காரியா?

ஐப்பசி வந்தபோது வளைக்குள் வால் நீட்ட இடமில்லை.

"ஏண்டி, இன்னிக்காவது தைப்பியா?" என்றான், வாசலில் நனைந்துகொண்டிருந்த எலியப்பன்.

"தைக்கணும்னா அளவாக் கடிக்கணுமேங்க. இந்தச் சுங்குடியைப் போய் எப்படிக் கடிக்கிறது?"

"எலியாப் பொறந்துட்டு துணியைக் கடிக்க மனசு வரலேன்னு சொல்ற மொத ஆளு நீதான்டி!"

தன் புத்தியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுமாரான துணிகளாகப் பொறுக்கி உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் பெரிய போர்வையே தைத்து முடித்துவிட்டாள்.

எலியப்பன் ஆசையாகக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க, ஈரக்கை!" என்றவள், போர்வையைத் துணிக்குவியலின் மேல் விரித்து நான்கு பக்கமும் செருகினாள். பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

"இனிமே அதுங்க மேல சாரல் படாது. வாங்க, குட்டிங்களுக்கு வேற வளை பார்க்கலாம்."