கேட்டுக்கு வெளியே

எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணையில், மருந்துத் தண்ணியில் காலை நனைக்காமல் முதலாளியையே உள்ளே விடமாட்டாள் சௌந்திரம். நோய் எந்தக் காலில் வரும் என்று யாருக்குத் தெரியும் என்பாள்.

போன புதன்கிழமை மத்தியானம் அவளும் கூட வேலை செய்யும் பிரபாவும் ஜெபத்தை முடித்துவிட்டு முட்டை பொறுக்கக் கிளம்பினார்கள். கேட்டுக்கு வெளியே சௌந்திரத்தின் புருசன் அப்புசாமி நின்றிருந்தார். போன வருசம் சபைக் கல்லறையில் அடக்கம் பண்ணியபோது போட்டுவிட்ட அதே வெள்ளைச் சட்டை.

"கர்த்தர் அனுப்பி வாரேன், சௌந்திரம். கேட்டைத் தொற." வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தையும் பிசகாமல் சொன்னார்.

பிரபாவின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. சௌந்திரம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இயேசு மாம்சத்துல வந்தாருன்னு ஒருக்கா சொல்லுங்க. தொறக்கறேன்."

அவர் சிரித்தார். பரலோகத்தைப் பற்றி நிறையச் சொன்னார். அவள் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. இயேசு மனுச உடம்பில் வந்தார் என்பதைக் கர்த்தர் அனுப்பாத ஆவி அறிக்கை பண்ணாது என்று வேதத்தில் இருக்கிறது.

"அப்படின்னா அங்கயே நில்லுங்க."

அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. குரல் மட்டும் முதலாளியிடம் பேசுகிற அதே குரல். இவளுக்கு எப்படித்தான் முடிந்ததோ, நம்மால் ஆகாது என்று பிரபா நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குச் சௌந்திரம் லீவு. கேட்டுக்கு வெளியே அப்புசாமி இல்லை. நாலு வருசத்துக்கு முன்னால் பிறந்த அன்றே இறந்துபோன பிரபாவின் மகள், நாலு வயசு வளர்த்தியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கர்த்தர் அனுப்பி வாரேன்."

பிரபா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சௌந்திரம் கேட்டதையே கேட்டாள்.

பிள்ளை சிரித்தது. அது அப்புசாமியின் சிரிப்பு.