வேட்புமனுவுக்கு அடியில் ஒரு தாள்

தையல் மேசைமீது மதிய வெயில் கோணலாக விழுந்து கிடக்கிறது. தையல்காரர் முன்னாள் எம்.எல்.ஏ.வின் தொந்தியைச் சுற்றி டேப்பை இழுக்கிறார். முதல் தேர்தலுக்கு முப்பத்திரண்டு, இரண்டாவதற்கு முப்பத்தெட்டு, தோற்ற தேர்தலுக்கு நாற்பத்துநான்கு. மனுஷனின் அரசியல் வாழ்க்கை மொத்தமும் அளவு நோட்டில் இருக்கிறது. இந்தத் தடவை கட்சி கைகழுவிவிட்டதால் சுயேச்சை. முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். "அண்ணே, உங்க கையெழுத்துதான் நமக்கு ராசி," என்று மனுவை நீட்டுகிறார். தையல்காரர் பேனாவைத் திறக்கிறார். காஜா எடுத்துக்கொண்டிருந்த மகள், வீட்டிலேயே முதல் பட்டதாரி, எழுந்து வந்து மனுவைத் தூக்கிப் பார்க்கிறாள். அடியில் இன்னொரு தாள். மேலே வெறும் வெள்ளை, கீழே கையெழுத்துக்கு மட்டும் பென்சில் குறி. பதவியில் இருந்தபோது இந்தக் கடையைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டவரும் இவர்தான்.

"இது எதுக்கு சார்?"

"அது உபரிம்மா. எதாவது தப்பாயிட்டா மாத்திக்கலாம்ல."

"படிச்ச திமிரு சார், மனசுல வெச்சுக்காதீங்க," அப்பா குழைகிறார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றுத்தாளில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுக்கிறாள்.

"உபரிதானே. இப்ப போடுங்கப்பா."

முன்னாள் எம்.எல்.ஏ.வின் கை தாளை வெடுக்கென்று பறித்து, நாலாக மடித்துப் பைக்குள் திணிக்கிறது. அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பா, பேனா மூடியை நிதானமாகத் திருகுகிறார். மனு கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

"சட்டை வெள்ளிக்கிழமை தயாராயிடும் சார்."