வெடி வம்சத்து மாத்திரை

மருந்து டப்பாவுக்குள் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதட்டியது: “தள்ளிப் படுங்கடா! பாறையப் பிளக்குற வெடிமருந்து வம்சம் நாங்க. நான் தும்மினா தெருவே இருக்காது!”

“சரிங்கண்ணே,” என்று பாராசிட்டமால் ஓரமாய் ஒண்டியது.

அன்றைக்கு இருதயராஜ் வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் மனைவி நைட்ரோவை எடுத்து அவர் நாக்குக்கடியில் வைத்தாள். இப்போது வெடிக்காவிட்டால் டப்பாவுக்குள் மானமே போய்விடும் என்று நைட்ரோ மூச்சைப் பிடித்து முக்கிப் பார்த்தது. கரையத்தான் முடிந்தது. சுருங்கிய ரத்தக்குழாய் விரிய, வாத்தியாரின் வலி அடங்கியது.

“நெஞ்சு லேசாயிடுச்சு. ஆனா இந்த மாத்திரைய வச்சாலே தலை வெடிக்குதுடி, ஒரு பாராசிட்டமால் குடு,” என்றார்.

நாக்கில் வந்து இறங்கிய பாராசிட்டமால், “என்னண்ணே, நமுத்துப்போச்சா?” என்று சிரித்தது.

“காது கேக்கலையாடா? வெடிக்குதுன்னு அவரே சொல்றாரு!” என்றது, கடைசித் துணுக்காய்க் கிடந்த நைட்ரோ.